36 அடிக்குள் ஒரு குடித்தனம்

கேரளத்து மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் பின்புறத்தில் நின்று காயலைப் பார்க்கிறவர்களுக்குப் பாய்மர யாத்திரை என்பது பாட்டனார் காலத்துச் சமாசாரமாகவே தோன்றக்கூடும். ஆயினும் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற கேரளத்தவரான அபிலாஷ் டோமி, 36 அடி நீளமே உள்ள ‘பயானத்’ என்னும் பாய்மரப் படகில் 2022 செப்டம்பரில் பிரான்ஸ் தேசத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, எங்கும் கரையிறங்காமல் உலகை வலம்வந்து, 236 நாட்களுக்குப் பிறகு 2023 ஏப்ரல் 29 அன்று கோல்டன் குளோப் போட்டியில் இரண்டாமவராகத் துறைசேர்ந்தது நம் காலத்து நிகழ்ச்சி.

1968-இல் மாலுமிகளிடம் இருந்த சாதனங்களைக் கொண்டே செல்லவேண்டும் என்பது அப்போட்டியின் நிபந்தனை. ஆகவே நண்பகலில் ஆடும் தளத்தின்மீது கால் ஊன்றி நின்று, செக்ஸ்டண்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, பஞ்சாங்கம் போன்ற அட்டவணைகளைப் புரட்டிக் கணக்கிட்டால்தான் படகு இருக்கும் இடம் புலப்படும். வானம் மூடிவிட்டாலோ, வேகத்தையும் திசையையும் வைத்து அனுமானிப்பதைத் தவிர மார்க்கமில்லை.

புயலைப் பற்றியே எல்லோரும் விசாரிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், புயலைவிட அதிக மனோதிடத்தைக் கோருவது அங்குள்ள அன்றாட வாழ்க்கைதான். மணிக்கு 10 கிலோமீட்டர் அளவிலேயே நகரும் படகில் இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. காற்று மாறும்போதெல்லாம் எழுந்து பாயைச் சுருக்கவோ விரிக்கவோ வேண்டியிருப்பதால், நித்திரை துண்டு துண்டாகவே வாய்க்கிறது. உப்புநீரில் நனைந்த துணி, காற்றிலுள்ள ஈரத்தை உப்பு மறுபடியும் இழுத்துக்கொள்வதால், முழுமையாக உலர்வதே இல்லை. படகு சாய்ந்தாலும் தான் சாயாதபடி ஊசலாடும் அடுப்பில்தான் சமையல். ஸ்நானம் பெரும்பாலும் கடல்நீரில்தான். மழை வந்தால் அது மகா பாக்கியம்: முதலில் விழும் நீர் பாயில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும்வரை காத்திருந்து, பிறகு வழிவதைப் பாத்திரங்களில் பிடித்துக்கொள்ளவேண்டும்.

இவற்றோடு ஓயாத மராமத்து வேறு. தனியாகச் செல்பவன் உறங்கும்போது காற்றின் போக்கை அனுசரித்துச் சுக்கானைத் திருப்பும் இயந்திரமே அவனுக்குத் துணை. அது பழுதுபட்டபோது டோமி படகின் கழிப்பறைக் கதவையே அறுத்து அதற்கு உறுப்புச் செய்தார். இதே போட்டியில் 2018 செப்டம்பரில், தென் இந்துமகா சமுத்திரத்தில் பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு முறிந்து, எழ இயலாமல் மூன்று நாள் கிடந்து, பிரெஞ்சுக் கப்பலான ‘ஒசிரிஸ்’ மீட்டதால் பிழைத்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கதவை அறுத்த கைகளின் பொறுமை எத்தகையது என்பது விளங்கும்.

இருவராகச் சென்றால் பாரம் சற்றே குறையும். கோழிக்கோட்டுத் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இந்தக் கடற்படை அதிகாரிகள் வழியில் ஃப்ரீமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய துறைகளில் தங்கினார்கள். அங்கே பழுதுபார்க்கவும், புதிய காய்கறி ஏற்றவும், அசையாத கட்டிலில் படுக்கவும் முடிந்தது. கடலிலோ, ஒருத்தி கண்ணயர்ந்தால் மற்றவள் விழித்திருப்பாள். டோமிக்கு அந்த மாற்றாள் கிடையாது.