அடுக்களைச் சித்திரமும் ஐம்பது நாள் விலங்கும்

ஜப்பானில் எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) ஓவியர் உதமாரோ, 1795-ஐ ஒட்டி வரைந்தது எதைத் தெரியுமா, தோழர்களே? கொலுமண்டபத்தை அல்ல, அடுக்களையை! ஒருத்தி கத்தரிக்காய் சீவுகிறாள். ஒருத்தி ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறாள். புகை கண்ணைக் கரிக்க, முகம் சுளிக்கிறாள் இன்னொருத்தி.

மாளிகையில் மாட்டிய படமல்ல அது. மரக்கட்டையில் செதுக்கி, அச்சடித்து, கடைத்தெருவில் விற்ற படம். ஓவியர் வரைந்த தாளைச் செதுக்குவோன் செர்ரிமரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை நிறுத்தி, மற்றதைக் குடைந்தெடுப்பான். வண்ணத்துக்கு வண்ணம் தனிக்கட்டை. அச்சிடுவோன் கையாலேயே தேய்த்துத் தேய்த்து எடுப்பான். கூந்தலில் ஓர் இழை பிசகினால் போயிற்று! படத்தில் ஓவியர் பெயர் இருக்கும், பதிப்பாளர் முத்திரை இருக்கும். உளி பிடித்தவன் பெயரைத்தான் பெரும்பாலும் காணோம். 1857-இல் குனிசாதா என்பவர் இந்தத் தொழிலாளரைப் படமாக்கினார். அதிலும் அவர்களைப் பெண்களாக மாற்றியே வரைந்தார். சரக்கு விற்கவேண்டுமே!

மின்மினி பிடிப்பதும், படகேறுவதும், பூப்பார்க்கப் போவதும் இப்படங்களில் ஏராளம். உல்லாசம் என்பார்கள். யாருடைய உல்லாசம் என்று நாம் கேட்கிறோம். யோஷிவாரா எனும் விலைமாதர் வட்டாரத்தைச் சுற்றி அகழி, ஒரே பெருவாயில். வறுமையால் விற்கப்பட்ட சிறுமிகள்தாம் அங்கே வளர்ந்து "அழகிகள்" ஆனவர்கள். அவர்களுடைய நாளின் பன்னிரண்டு வேளைகளையும் உதமாரோ வரைந்தார். நள்ளிரவு கடந்த வேளைப் படத்தில், தூக்கக் கலக்கத்தோடு ஒருத்தி செருப்பில் பாதத்தை நுழைக்கிறாள். பட்டாடை கிடக்கட்டும், அந்தக் களைப்பைப் பாருங்கள்!

ஆட்சியாளரை உறுத்தியது அந்த அகழியல்ல. ஒரு தேநீர்க்கடைப் பெண்ணின் பெயர்! ஒகிதா, நனிவாயா கடையைச் சேர்ந்தவள். சாதாரணப் பெண்களின் பெயரைப் படத்தில் பொறிக்க 1793-இல் தடை வந்தது. உதமாரோ விட்டாரா? இரண்டு கீரைக்கட்டு, ஓர் அம்பு, கடல், வயல் என்று மூலையில் சிறு சித்திரம் போட்டார். அவற்றை ஜப்பானிய மொழியில் கூட்டிப் படித்தால் "நனிவாயா ஒகிதா"! 1796-இல் அந்த விடுகதைக்கும் தடை.

1804-இல் வந்தது பெரிய அடி. 1598-லேயே மாண்டுபோன ஹிதேயோஷி என்ற ஆட்சித்தலைவர், தம் மனைவியரோடு பூப்பார்க்கும் காட்சியை வரைந்தது குற்றமாம்! தூரிகை பிடித்த கைகளுக்கு ஐம்பது நாள் விலங்கு. 1806-இல் உதமாரோ மறைந்தார்.