உஷார்! பச்சைக்குழந்தையின் மூக்கடியில் தைலம் பூசாதீர்கள்

மாரி தொடங்கிவிட்டால் யாழ் குடாநாட்டில் தடிமன் இல்லாத வீடு அரிது. அலுமாரியில் கிடந்த சின்னப் போத்தல்களும் அப்போதுதான் வெளியே வரும். யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரத் தைலம், மென்தோல் கலந்த பாம் என்று எது கையில் அகப்படுகிறதோ அதைக் கைக்குழந்தையின் மூக்கடியில் பூசிவிடுகிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள். இவற்றின் காரம் மூக்கில் ஏறினால் பச்சைக்குழந்தைக்குத் தொண்டை இறுகி மூச்சே தடைப்படலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இவை வேண்டவே வேண்டாம்.

"ஆச்சி காலத்திலிருந்து பூசுகிறோமே" என்பீர்கள். ஆச்சி பூசியது வேறு. பரராசசேகரம் போன்ற நம் வைத்திய நூல்களின் மரபில் வந்த தைலங்கள் பெரும்பாலும் மூலிகைச் சாற்றை நல்லெண்ணெயில் பதமாகக் காய்ச்சி வடித்தவை. நொச்சி இலை போட்டு வேது பிடித்தாலும் நம்மைச் சேர்வது மிகக் கொஞ்சம். கடைப் போத்தலில் இருப்பதோ, குவியல் குவியலாக இலையை நீராவியில் வடித்துச் சேர்த்த செறிவு. யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் பிள்ளை நினைவிழக்கக்கூடும். மூட்டு வலிக்குப் பூசும் வின்டர்கிறீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, இருபதுக்கும் மேற்பட்ட அஸ்பிரின் குளிசைகளை ஒன்றாக விழுங்குவதற்குச் சமம்.

இவை மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கராம்பு எண்ணெயிலுள்ள யூஜினோலைப் பல் வைத்தியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே எண்ணெயைக் குடித்த சிறு பிள்ளைகளுக்கு ஈரல் பழுதாகியிருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் கற்பூரம்தான். அதற்கும் தமிழருக்கும் பழைய தொடர்பு. கற்பூரத்துக்குப் பேர்போன சுமாத்திராவின் பாரூஸில் 1088 ஆம் ஆண்டிலேயே தமிழ் வணிகக் குழு கல்வெட்டு நாட்டியிருக்கிறது. அன்று மரத்தின் உள்ளிருந்து எடுத்த அரும்பொருள் அது. இன்று சாமியறைத் தட்டில் கிடக்கும் வெள்ளைக் கட்டி பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தது. தவழும் பிள்ளைக்கு அது கற்கண்டுதான். ஒரு கிராம் அளவே சிறு பிள்ளையின் உயிரைப் பறிக்கப் போதும். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். அமெரிக்காவில் கற்பூர எண்ணெய் விற்பதையே 1980களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பூசும் மருந்துகளிலும் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதித்தார்கள். நம் வீடுகளிலோ அது கை எட்டும் உயரத்தில் கிடக்கிறது.

வேப்பெண்ணெய் வடித்தெடுத்த வாசனை எண்ணெய் அல்ல, ஆனாலும் அதையும் சொல்லாமல் விட முடியவில்லை. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குழந்தைகளுக்குச் சளிக்கென்று அதைப் பருக்கியதால் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் வந்ததை 1980களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். இறந்த குழந்தைகளும் உண்டு.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர் அன்போடு அனுப்பும் பார்சல்களிலும் இப்போது இந்தப் போத்தல்கள் வருகின்றன. பெரும்பாலும் லேபலில் ஒரு தமிழ்ச் சொல்கூட இராது. அமெரிக்க மிஷனரி வைத்தியரான டாக்டர் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் தந்தார். அந்த மண்ணில் ஒரு தாய் எச்சரிக்கையை வாசிக்க முடியாமல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளை விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். கைமருந்து எதுவும் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்தியர் அதைப் பார்த்தே அறிவார்.