பல்பு பாவம் பாஸ்... விட்டுடுங்க!

கார் ஹெட்லைட் கொஞ்சம் டல்லடிச்சா நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற ஒரே வைத்தியம், 'பல்பை மாத்து!'. மாத்தியும் டல்லடிச்சா? 'பெரிய வாட்ஸ் போடு!'. அதுக்கும் மசியலைன்னா? 'பேசாம எல்.இ.டி. போட்டுடு மச்சான்!'. இப்படியே போனா பர்ஸ்தான் காலியாகும், ரோடு வெளிச்சமாகாது. ஏன்னா, பல கேஸ்கள்ல குற்றவாளி பல்பே கிடையாது. ஹெட்லைட் எப்படி மக்கர் பண்ணுதுன்னு உத்துப் பார்த்தாலே, கோளாறு எங்கேங்கிறதை முக்கால்வாசி அதுவே சொல்லிடும்!

எங்க சித்தப்பா திருச்சியில கால் டாக்ஸி ஓட்டுறார். செகண்ட் ஹேண்ட் கார்தான், ஆனா வீட்டுக்கே சோறு போடுறது அதுதான். மதுரை, திண்டுக்கல்னு நைட் சவாரியிலதான் நாலு காசு நிக்கும். அந்த காருக்கு திடீர்னு ஒரு வியாதி. டிம்ல போட்டா வலது பக்கம் ஜம்முனு எரியுது, இடது பக்கம் மட்டும் சாம்பிராணித் தணல் மாதிரி சிவப்பா கிடக்கு. ஒரு ஒர்க்‌ஷாப்ல ரெண்டு தடவை பல்பு மாத்தினாங்க. ஊஹூம். 'வயரிங்கையே முழுசா மாத்தணும்'னு சொல்லி ஒரு தொகையையும் சொன்னாங்க. சித்தப்பா பேசாம நைட் சவாரியையே நிறுத்திட்டார்.

நிறுத்தினது நியாயம்தான். 80 கி.மீ. வேகத்துல போற கார் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது. முன்னாடி நிக்கிற லாரியைப் பார்த்து, மூளைக்கு உறைச்சு, பிரேக் மிதிச்சு, வண்டி நிக்கிறதுக்குள்ள சுமாரா 75 மீட்டர் போயிடும். பின்னாடி சிவப்பு லைட்கூட இல்லாம ஓரங்கட்டின லாரியை ஒத்தைக் கண் வெளிச்சத்துல கண்டுபிடிக்கிறது லாட்டரி மாதிரி!

செமஸ்டர் லீவுல நான் போனப்போ, "சித்தப்பா, டிம்லேயே வைங்க"ன்னு சொல்லிட்டு டேஷ்போர்டை எட்டிப் பார்த்தேன். பிரைட் போட்டா எரியுமே, அந்த நீல லைட்... டிம்லயே லேசா மினுக்கிட்டு இருந்துச்சு. "அது ரொம்ப நாளா அப்படித்தான்டா இருக்கு"ன்னார் கூலா. அடடா, துப்பு அங்கேதானே இருக்கு!

நிறைய கார்கள்ல இருக்கிற ஹாலஜன் பல்புக்குப் பேரு ஹெச்-4. ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு இழை. டிம்முக்கு 55 வாட்ஸ், பிரைட்டுக்கு 60 வாட்ஸ். பின்னாடி மூணு கால். டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் பொதுவா எர்த் ஒண்ணு. இப்போ அந்த எர்த் வயர் விட்டுப் போச்சுன்னு வைங்க. டிம் இழைக்குள்ள வந்த கரன்ட் வெளியே போக வழி தெரியாம, பக்கத்துல இருக்கிற பிரைட் இழை வழியா ரிவர்ஸ்ல போகும். அங்கிருந்து பிரைட் வயரைப் பிடிச்சு, வலது பக்க பல்போட பிரைட் இழைக்குப் போய், அந்தப் பக்கத்து எர்த்துல இறங்கிடும். அதாவது, மூணு இழை சீரிஸ்ல! 12 வோல்ட்டை மூணு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 4 வோல்ட். அப்புறம் எங்கே எரியறது, தணல்தான் மிஞ்சும். போற வழியில அந்த நீல லைட்டுக்கும் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துட்டுப் போகுது. ஃபர்ஸ்ட் இயர்ல சீரிஸ் சர்க்யூட்னு கொட்டாவி விட்டுக்கிட்டே படிச்சோமே... அதேதான்!

கன்ஃபர்ம் பண்ண ஒரு மல்டிமீட்டர் போதும். லைட்டை டிம்ல போட்டு, பல்பை கப்ளர்லயே விட்டுட்டு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் சிவப்பு முனையை பல்போட எர்த் காலிலும் வைக்கணும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். சித்தப்பா கார்ல 8 வோல்ட்! வயரைப் பிடிச்சுக்கிட்டே போனா, பாடியில போல்ட் போட்டிருந்த இடம் துருவும் பச்சையுமா இருந்துச்சு. உப்புத்தாள்ல தகரம் பளிச்சுனு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, போல்ட்டை முறுக்கி, மேல வாசலைன் தடவினோம். மறுநாளே சித்தப்பா மதுரை சவாரிக்குக் கிளம்பிட்டார். (சில கார்கள்ல சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அதுல இந்தக் கதையே வேற மாதிரி போகும். அதனால முதல்ல வயரிங் படத்தைப் பார்த்துடுங்க.)

எர்த் முழுசா விட்டுப் போகணும்னுகூட இல்லை. லூஸா இருந்து வெறும் கால் ஓம் தடை இருந்தாலே போதும். 55 வாட்ஸ் பல்பு இழுக்கிறது சுமார் நாலரை ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, ஒரு வோல்ட்டுக்கு மேல காலி. 12-ல ஒண்ணுதானேன்னு தோணுதா? ஹாலஜன்ல வோல்ட்டேஜ் பத்து பர்சன்ட் குறைஞ்சா, வெளிச்சம் முப்பது பர்சன்ட் அளவுக்கு விழுந்துடும். இந்தக் கால் ஓமை ஓம் மீட்டர் வெச்சுப் பிடிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. மீட்டர் வயருக்கே அவ்வளவு தடை இருக்கும்! லைட் எரியும்போது வோல்ட்தான் பார்க்கணும். கூட வந்த ஃப்ரெண்டு ஒருத்தன் கழட்டின பல்பை ஓம்ல வெச்சுப் பார்த்துட்டு, "கணக்குப்படி 2.6 வரணும், 0.3தான்டா காட்டுது... ஷார்ட்!"னு கத்தினான். ஷார்ட்டும் இல்லை, ஷர்ட்டும் இல்லை. டங்ஸ்டன் இழை ஆறியிருக்கும்போது அதோட தடை அவ்வளவுதான். சூடேறினாதான் பத்து மடங்குக்கு மேல ஏறும்.

ரெண்டு பக்கமும் சேர்ந்து மங்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா பளிச்சுனு ஆகுதா? அப்போ ஹெட்லைட்டை விட்டுட்டு ஆல்டர்னேட்டர், பெல்ட், பேட்டரி டெர்மினலைப் பாருங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.5-ல இருந்து 14.5 வோல்ட் வரைக்கும் இருக்கணும். 15-ஐத் தாண்டுதுன்னா அது வேற வில்லங்கம். பல்பு மாத்த மாத்த ஃபீஸ் போயிட்டே இருக்கும்.

மீட்டர்ல எல்லாமே கரெக்ட், வெளிச்சம் மட்டும் இல்லையா? முன்னாடி கவரைத் தடவிப் பாருங்க. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். வெயில்ல நின்னு நின்னு மேல்பூச்சு போய் மஞ்சளாகி, கண்ல புரை விழுந்த மாதிரி ஆகிடும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற டெக்னிக்கை நம்பாதீங்க, சில வாரம்தான் தாங்கும். தண்ணி விட்டு நைஸ் உப்புத்தாள்ல படிப்படியா தேய்ச்சு, பாலிஷ் போட்டு, அதுக்கு மேல யூ.வி. பூச்சும் கொடுத்தாதான் நிக்கும்.

ஃபீஸ் போன பல்பைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு போஸ்ட்மார்ட்டம் பண்ணுங்க. உள்ளே வெள்ளையா பொடி படிஞ்சிருந்தா, கண்ணாடி கீறி காத்து புகுந்திருக்கு. கண்ணாடியில கொப்புளம் இருந்தா, மாட்டினவர் விரல் எண்ணெய் பட்டிருக்கலாம். அதனால புது பல்பை உலோகத்துல பிடிச்சு மாட்டறதுதான் சேஃப்.

'பெரிய வாட்ஸ்' கோஷ்டிக்கு ஒரு கணக்கு. 60-க்குப் பதிலா 100 வாட்ஸ் போட்டா கரன்ட் 5-ல இருந்து 8.3 ஆம்பியர் ஆகுது. வயர்ல சூடு கரன்ட்டோட வர்க்கத்துல ஏறும், அதாவது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. கப்ளர் உருகி நாத்தம் வந்தா ஏன்னு கேட்காதீங்க!

எல்.இ.டி. ஆசை இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். ரிஃப்ளெக்டரை டிசைன் பண்ணினது ஹாலஜன் இழை இருக்கிற இடத்தை வெச்சுத்தான். மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் வெளிச்சம் ரோட்டுக்குப் போகாம, எதிர்ல பைக்ல வர்றவர் கண்ணுக்குப் போயிடும். உங்க வண்டியில என்ன நடக்குதுன்னு பார்க்க ஒரு சுவர் போதும். சமதரையில சுவருக்கு 5 மீட்டர் தள்ளி காரை நிறுத்தி, சுவர்ல ஹெட்லைட் உயரத்துக்கு சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. டிம் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு கோட்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர் கீழே தெளிவா நிக்கணும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறலாம். வலது பக்கம் ஏறினாலோ, விளிம்பே இல்லாம சுவர் முழுக்க வெள்ளையா அப்பியிருந்தாலோ, பழைய ஹாலஜனை எடுத்து மறுபடி மாட்டிடுங்க.