நல்லோர் கையில் தீய ஆற்றல்

தீயதொரு கருவியை எடுத்து நல்லதொரு செயலை முடித்தல் தகுமோ, தகாதோ என்னும் வினா மிகப் பழைமையானது. அறநூலாரும் சமயநூலாரும் இதனைப் பலவாறு ஆராய்ந்துளர். ஆயின், நண்பர் நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்தமர்ந்து, பகடை உருட்டி, இவ்வினாவைக் கதையாக நடித்துப் பார்க்கும் விளையாட்டொன்று மேனாட்டில் தோன்றி ஐம்பதாண்டுகள் கடந்துவிட்டன. அவ்விளையாட்டில் நல்லோராக நிற்பவர் தீய ஆற்றலைக் கையாளலாமோ என்பது பற்றி எழுந்த விதிகளையும், அவ்விதிகளால் நாம் உணரத்தகுவதையும் ஈண்டுச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

முதற்கண் விளையாட்டின் இயல்பை அறியாதார்க்கு அதனை விளக்குதல் வேண்டும். இஃது ஓடியாடும் விளையாட்டன்று. சதுரங்கம்போல் ஒருவர் வெல்ல மற்றொருவர் தோற்கும் விளையாட்டுமன்று. ஒருவர் நடுவராக அமர்ந்து, கற்பனை நாடொன்றையும் அதிலுள்ள மாந்தரையும் இடர்களையும் எடுத்துரைப்பார். ஏனையோர் ஒவ்வொருவரும் போர்வீரன், மந்திரவாதி, குரு, கள்வன் என்றாற்போல ஒரு கதைமாந்தரை மேற்கொள்வர். “யான் கதவைத் திறக்கின்றேன்,” “யான் அவனோடு வாதிடுகின்றேன்” எனத் தத்தம் செயலை வாயாற் கூறி ஆடுவர். முடிவு ஐயத்திற்கிடமாகுமிடத்துப் பகடை உருட்டப்படும். இவ்வகை விளையாட்டுக்களுள் முன்னது ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது. நிலவறைகளும் வலுசர்ப்பங்களும் என அதன் பெயரை நாம் பொருள் கொள்ளலாம். அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரும் இதனை ஆக்கி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்விளையாட்டிற் கதைமாந்தர் ஒவ்வொருவர்க்கும் ‘நெறிச்சார்பு’ ஒன்று உண்டு. 1974-இல் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்றே சார்புகள் இருந்தன. நன்மையும் தீமையும் வேறொரு கோடாக அமைதல் வேண்டுமென்று கைகாக்ஸ் 1976-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1978-இல் வெளிவந்த ஆட்டக்காரர் கையேட்டில் அவ்விரு கோடுகளும் குறுக்கிட்டு ஒன்பது சார்புகளாயின. ஒழுங்கும் நன்மையும் ஒருங்குடையான் ஒரு மூலையில் நிற்பான். குழப்பமும் தீமையும் உடையான் எதிர்மூலையில் நிற்பான்.

இவ்வொன்பதனுள் முதல் மூலையில் நிற்பவனே ‘பாலடின்’ என்னும் தூய வீரன். சார்லமேன் பேரரசனின் வீரரைப் பற்றிய பழங்கதைகளினின்று எடுக்கப்பட்ட பெயர் இது. 1978-ஆம் ஆண்டு விதியின்படி, இவன் தீயதென்றறிந்தே ஒரு செயலைச் செய்வானாயின், தன் சிறப்பாற்றல் அனைத்தையும் அக்கணமே இழப்பான். மீண்டும் அவற்றைப் பெறுதல் இயலாது. ஒருமுறை வழுவினாலும் முடிந்தது. இத்துணைக் கடுமையான விதி இருப்பின், ஆட்டக்காரர் அதன் எல்லையைத் தேடி வாதிடுதல் இயல்பேயன்றோ?

அவ்வாதம் எவ்வாறு எழும் என்பதற்கு எடுத்துக்காட்டொன்று கற்பித்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். நாற்பது கொள்ளையர் விடியுமுன் அதனைத் தீக்கிரையாக்க வருகின்றனர். ஊரைக் காக்க நிற்பவரோ நால்வரே. ஊர்ப்புறத்தே ஒரு கல்லறைத் தோட்டம் உளது. நால்வருள் மந்திரவாதியாகிய ஒருவன் பிணத்தை எழுப்பி ஏவல்கொள்ளும் மந்திரம் அறிந்தவன், நல்லவன், ஊரார்மேல் உண்மையான இரக்கமுடையவன். “புதையுண்ட எலும்புகளை எழுப்புகின்றேன், அவை நமக்காகப் போர் செய்யட்டும். இறந்தவர்க்கு இனி நோவில்லை, உயிரோடிருக்கும் குழந்தைகளோ பிழைக்கும்,” என்று அவனாக ஆடுபவர் கூறுகின்றார். மேசையில் ஒரு நொடி அமைதி உண்டாகின்றது. நடுவர் யாது கூறுவார்?

இதற்கு விளையாட்டு நூல்கள் தந்த விடைகளை மூவகையாகப் பகுக்கலாம். ஆற்றலே தீயது என்பது முதல் விடை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, சில மந்திரங்களுக்குத் ‘தீயது’ என்னும் முத்திரையை வெளிப்படையாகவே இட்டது. பிணமெழுப்பும் மந்திரம் அவற்றுள் ஒன்று. நற்சார்புடைய குரு அம்முத்திரை பெற்ற மந்திரத்தை ஓதவே இயலாது. மந்திரவாதிக்கோ அத்தடை இல்லை; அவன் ஓதலாம், ஆயினும் செயலின் மேலுள்ள முத்திரை நீங்காது.

இவ்விடை தெளிவுடையது; ஆயின் முத்திரையை நம்பி நிற்பதன் குறையும் உடையது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில், அருகிலுள்ளார் சாவுக்கு எத்துணை அணித்தாக உள்ளனர் என்பதை அறியும் மந்திரமொன்றும் ‘தீயது’ எனக் குறிக்கப்பட்டது. போர்க்களத்தில் எவருக்கு முதலில் மருந்திடல் வேண்டுமென்று தேடும் மருத்துவனுக்கு அதனினும் பயனுடையது யாதுளது? மற்றொருபுறம், உயிரோடிருப்பாரை எரித்துச் சாம்பலாக்கும் தீப்பந்து மந்திரத்திற்கு அம்முத்திரை இல்லை. ஆகவே, பெயர்ச்சீட்டைப் படித்து மட்டும் நன்மை தீமைகளைத் துணிதல் சாலாது என்பது தெளிவு.

நோக்கமே அளவுகோல் என்பது இரண்டாம் விடை. வாள் நன்றுமன்று, தீதுமன்று. ஏந்தியவன் உள்ளமே அதனை நன்றாகவோ தீதாகவோ ஆக்குகின்றது. மந்திரமும் அவ்வாறே என்பர் இக்கட்சியார். 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இக்கட்சிக்குச் சிறிது இடம் விட்டது. இறந்தாரை எழுப்பும் மந்திரத்தை ஓதுவது நற்செயலன்று என்றும், அதனை அடிக்கடி கையாள்பவர் தீயோரே என்றும் அது கூறிற்று. எனவே, அரிதிற் கையாளும் நல்லோன் ஒருவன் இருத்தல் கூடும் என்பது உய்த்துணரக் கிடந்தது.

ஆயின் அப்பதிப்பின் விதியையே உற்றுநோக்குமிடத்து, நோக்கம் ஒன்றே போதாமை விளங்கும். எழுப்பப்பட்ட எலும்புக்கூடு 24 மணி நேரமே மந்திரவாதியின் சொற்கேட்கும். அக்காலம் முடியுமுன் அவன் மீண்டும் மந்திரத்தை ஓதல் வேண்டும். மறப்பானாயின் அது கட்டவிழும். கட்டவிழ்ந்த எலும்புக்கூடு உயிருள்ளோரைக் கண்டால் கொல்லும் இயல்பினது. கொள்ளையர் ஓடிப்போயினர் என்றே வைத்துக்கொள்வோம். மறுநாட் காலையில் ஊர்க்கிணற்றருகே அவ்வெலும்புகள் நிற்கும். மந்திரவாதி காயமுற்றுக் கிடப்பின், அல்லது அயர்ந்துறங்கின், எவரைக் காக்க எழுப்பினானோ அவரையே அவை தாக்கும். மேலும், அவை எவருடைய எலும்புகள்? அவ்வூராரின் தாய் தந்தையருடையவை. அவர்களிடம் எவரும் இசைவு கேட்டிலர். மந்திரவாதியின் நோக்கம் தூயதே. விலை கொடுத்தவரோ அவனல்லர்.

இங்குத்தான் மூன்றாம் விடை தோன்றுகின்றது. ஆற்றலின் பெயரையும் கையாள்வோன் நோக்கத்தையும் விடுத்து, அதற்குரிய விலை யாது, அதனைக் கொடுப்பவர் யாவர் என்று வினவுவது இது. 1981-இல் சாண்டி பீட்டர்சன் ஆக்கிய ‘கால் ஆப் கதுலு’ என்னும் விளையாட்டு இதற்குச் சிறந்த சான்று. அதில் ஆடுவோர் பேராசிரியர், மருத்துவர், செய்தியாளர் முதலிய எளிய மாந்தராக நின்று, உலகை அழிக்க முயலும் கொடிய ஆற்றல்களைத் தடுக்க முற்படுவர். தடுத்தற்குரிய மந்திரங்களோ அக்கொடியோரின் நூல்களிலேயே உள்ளன. அந்நூலைப் படித்தால் அறிவு வளரும், மனத்திண்மை குன்றும். மந்திரத்தை ஓதினாலும் அஃது அவ்வாறே குன்றும். ஒருவன் பெறக்கூடிய மனத்திண்மையின் உச்சவரம்பு, 99-இலிருந்து அத்தீய அறிவின் அளவைக் கழித்தால் எஞ்சுவதே. அவ்வறிவு 30 ஆயின், 69-க்கு மேல் அவன் மனம் ஒருநாளும் தேறாது. உலகைக் காத்தவன் தன்னை இழத்தல் கூடும். அவ்விழப்பு மறைக்கப்படாமல் அவன் தாளிலேயே எண்ணாக எழுதப்பட்டிருக்கும்.

திரைப்படக் கதையைத் தழுவி 1987-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ மேசை விளையாட்டிலும் இக்கருத்தே பிறிதொரு வடிவில் உளது. வீரன் தன் ஆற்றலைத் தீய வழியிற் செலுத்துந்தோறும் அவன் கணக்கில் இருட்புள்ளியொன்று ஏறும். ஏறுந்தோறும் பகடை உருட்டப்படும். புள்ளிகள் மிகமிக வீழ்ச்சி நெருங்கும். வீழ்ந்தபின் அக்கதைமாந்தர் ஆட்டக்காரர்க்கு உரியரல்லர். நடுவர் அவரைத் தம் கையில் எடுத்துக்கொள்வார். “யான் இவ்வாற்றலை ஆள்கின்றேன்” என்றவன், ஈற்றில் தன்னையே ஆளும் உரிமையை இழக்கின்றான். இதனினும் நுட்பமாக அவ்வுண்மையை ஒரு விளையாட்டு விதியாற் கூறுதல் அரிது.

நிற்க. கிறிஸ்தவராகிய நாம் இவ்விளையாட்டைப் பற்றிப் பேசுவதே தகுமோ என்று ஐயுறுவாரும் உளர். அவ்வையம் புதிதன்று. 1980-களில் அமெரிக்கக் கிறிஸ்தவருட் பலர், பேய்களின் பெயரும் மந்திரமும் மலிந்த இவ்விளையாட்டு இளைஞரைக் கெடுக்கும் என்று கடிந்தனர்; 1983-இல் அதனை எதிர்க்கவென்றே ஒரு சங்கமும் தோன்றிற்று. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்னும் பெயர்கள் விலக்கப்பட்டன. பின்னர் அவ்வுருக்களே ‘பாட்டேசு’, ‘டனாரி’ என்னும் புதுப்பெயர்களுடன் மீண்டும் புகுந்தன. பெயர் மாறிற்று, பொருள் மாறவில்லை. பெற்றோரின் அச்சத்தை யாம் எள்ளுகின்றிலேம். தம் மக்களை நேசித்தலாலேயே அவர் அஞ்சினர். ஆயினும், பேயின் பெயரை நீக்கி, தீய ஆற்றலை விலையின்றி வழங்கும் விளையாட்டினும், பேயின் பெயரைச் சொல்லி, அதனோடு செய்யும் வாணிகத்தின் விலையையும் உரைக்கும் விளையாட்டே மேலானது என்பது எமது துணிபு.

எமது திருமறையும் இப்பொருளைப் பெயர் மறைத்துப் பேசவில்லை. சாமுவேலின் முதற் புத்தகம் 28-ஆம் அதிகாரத்தில், பெலிஸ்தியர் படையைக் கண்டு நடுங்கிய சவுல் அரசன் எந்தோரிலிருந்த ஒரு பெண்ணிடம் சென்று, இறந்த சாமுவேலை எழுப்பும்படி கேட்கின்றான். அத்தகையோரை நாட்டினின்று துரத்தியவன் அவனே. மாறுவேடம் பூண்டு இரவிற் சென்றான். கடவுளின் சட்டத்தை மீறும் அச்செயலில் அவளுக்குத் தீங்கு வாராதென்று கடவுளின் பெயராலேயே ஆணையிட்டான். தன் மக்களைக் காக்கும் எண்ணமும் அவனுக்கு இருந்திருத்தல் கூடும். பெற்றதோ படையன்று, வழியன்று. மறுநாள் தான் மடிவான் என்னும் செய்தியே. விளையாட்டில் வழுவிய பாலடினின் கதையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

மத்தேயு எழுதிய சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்திலோ, நம் ஆண்டவர்மேலேயே இக்குற்றம் சாட்டப்படுகின்றது: பெயெல்செபூலின் உதவியாலேயே அவர் பேய்களைத் துரத்துகின்றார் என்று பரிசேயர் கூறினர். அதாவது, நல்லவர் தீய ஆற்றலை வழங்குகின்றார் என்பதே வழக்கு. தனக்குத்தானே பிரிந்து நிற்கும் அரசு நிலைபெறாது என்பது அவர் விடையின் கருத்து. தீய ஆற்றலைத் தீமைக்கெதிராக ஏவினால், ஏவியவன் கையிலேயே பிளவு தோன்றும். மந்திரவாதியின் எலும்புக்கூடுகள் 24 மணி நேரத்தின்பின் ஊரார்மேற் பாய்வதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

“இஃது ஆட்டந்தானே, எலும்பும் இல்லை, ஊரும் இல்லை,” என்பாருக்கு ஒன்று கூறுவோம். ஊர் பொய்யே, ஆயின் “யான் செய்கின்றேன்” என்று நண்பர் முன்னிலையில் கூறும் வாய் பொய்யன்று. வாழ்க்கையில் எவரும் நம்மிடம் பிணமெழுப்பும் மந்திரத்தை நீட்டப்போவதில்லை. நல்லதொரு நிதிக்காகச் சிறிதொரு பொய்க்கணக்கு. நண்பனைக் காக்கப் பிறன்மேல் ஏற்றும் பழி. கழகத் தேர்தலில் நல்லவன் வெல்லும்பொருட்டு எதிரியைப் பற்றி ஒரு வதந்தி — இவையே நம் கைக்கு வரும். அவ்விடத்துப் பெயர்ச்சீட்டும் இராது; நோக்கமோ எப்பொழுதும் நல்லதாகவே தோன்றும். விலையை எண்ணாக எழுதிக் காட்டும் தாளும் நம்முன் இராது.

ஆதலின், அச்சிற்றூரின் மந்திரவாதியாக ஆடும் நண்பரிடம் நடுவர் “இது தீயது, செய்யாதே” என்று தடுத்தலினும், “யாருடைய கல்லறையைத் திறக்கின்றாய்? காலையில் அவர்தம் மக்களுக்கு யாது சொல்வாய்?” என்று வினவுதலே நன்று என்போம். அவர் சிறிது நினைந்து, மந்திரத்தை விடுத்து, உறங்கும் ஊராரை எழுப்பிப் பிள்ளைகளை மலைப்பாதையில் அனுப்ப முற்படுவாராயின், அவ்விரவு மேசையில் ஆடியது வீணாகாது. அவ்வழியில் நால்வருள் ஒருவர் மடியவும் கூடும். ஆயினும், மடிபவர் தாமே முன்வந்து விலை கொடுத்தவராவார்.