10 நாள்ல தர்றேன்னு சொன்ன படகு எஞ்சின், 47 நாள் ஆச்சு: தாமதத்துக்கு யார் காசு கொடுப்பாங்க?



நம்ம வீடியோ பார்க்குற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். சென்னை ஓ.எம்.ஆர்-ல வேலை, சொந்த ஊர் புதுச்சேரி வீராம்பட்டினம். அப்பா மீனவர், ஒரு ஃபைபர் படகு வச்சிருக்கார். அந்தப் படகுக்கு எஞ்சின் வாங்க இவர்தான் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தார். 1,80,000 ரூபாய், 14% வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ சுமார் 6,150 ரூபாய் இவர் சம்பளத்துல இருந்துதான் போகுது.

ஜூன் 20-ஆம் தேதி எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு. ரிப்பேர் கடையில விட்டாங்க. "பத்து நாள்ல ரெடி"ன்னு சொன்னாங்க, 12,000 அட்வான்ஸும் வாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் "பார்ட்ஸ் வரலை", "லேத்துக்குப் போயிருக்கு", "நாளைக்கு வாங்க". எஞ்சின் கைக்கு வந்தது ஆகஸ்ட் 6. மொத்தம் 47 நாள். பில் 22,000.

தம்பி கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, இ.எம்.ஐ ஒரு நாள் லேட் ஆனா பேங்க் ஃபைன் போடுது. இவங்க 37 நாள் லேட் பண்ணாங்க. நான் யார்கிட்ட ஃபைன் கேட்கிறது?"

நியாயமான கேள்வி. கேட்க முடியும். ஆனா அதுக்கான வேலையை எஞ்சினைக் கடையில விடுற அன்னைக்கே செஞ்சிருக்கணும்.

முதல்ல, நஷ்டம் எவ்வளவு?

நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. தம்பி போட்டு வச்சிருந்த கணக்குல 37 நாளுக்கான இ.எம்.ஐ-யையும் நஷ்டத்துல சேர்த்திருந்தார். அது தப்பு. எஞ்சின் ஓடினாலும் ஓடலைனாலும் இ.எம்.ஐ போகத்தான் போகுது. தாமதத்தால கூடுதலா என்ன போச்சு? அது மட்டும்தான் நஷ்டம்.

அவர் கொடுத்த எண்களை வச்சு நான் போட்ட கணக்கு:

- டீசல், ஐஸ், கூட வர்றவங்க பங்கு எல்லாம் போக அப்பா கையில நிக்கிறது ஒரு நாளைக்கு சராசரியா 1,200
- மாசத்துக்கு சுமார் 20 நாள் கடலுக்குப் போவார். அப்போ 37 நாள் தாமதத்துல போன கடல் நாட்கள் சுமார் 25
- 25 × 1,200 = 30,000
- இடையில 10 நாள் வேற படகுல போய் தினம் 500 சம்பாதிச்சார். அந்த 5,000-ஐ கழிக்கணும்
- நிகர நஷ்டம்: 25,000

ரிப்பேர் பில் 22,000. தாமதத்தோட விலை 25,000. கடையில பில்லுக்கு 2,000 குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுறோம். நாளைப் பத்தி யாருமே பேரம் பேசுறதில்லை.

அதே ஊர்ல தினம் 500 ரூபாய் வாடகைக்கு எஞ்சின் கிடைச்சிருக்கும்னு அவரே சொன்னார். 25 நாளுக்கு 12,500. அப்படி எடுத்திருந்தா அப்பா கையில 17,500 நின்னிருக்கும். வாடகை வீண் செலவுன்னு நினைச்சதால கிடைச்சது வெறும் 5,000. வித்தியாசம் 12,500. அதனால ஒரு பொருளை ரிப்பேருக்கு விடும்போதே ரெண்டு எண்ணை எழுதி வைங்க: ஒரு நாள் நஷ்டம் எவ்வளவு, மாற்று ஏற்பாட்டுக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு. முதல் எண் பெருசுன்னா, சொன்ன தேதி தாண்டின மறுநாளே மாற்று ஏற்பாட்டுக்குப் போயிடுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

சி.ஏ படிக்கிற எல்லாரும் பிசினஸ் லா பேப்பர்ல ஒரு கேஸ் படிப்போம். ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல், 1854, இங்கிலாந்து. க்ளோஸ்டர் ஊர்ல ஒரு மாவு மில். அதுல கிராங்க் ஷாஃப்ட் உடைஞ்சு போச்சு. புதுசு செய்ய மாதிரிக்காக, உடைஞ்சதை கிரீனிச்சுக்கு அனுப்பணும். ஏத்திட்டுப் போன கம்பெனி பல நாள் லேட் பண்ணிடுச்சு. மில் அத்தனை நாளும் நின்னுச்சு. மில்காரர் லாப நஷ்டத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்.

அந்த லாப நஷ்டத்தைக் கேட்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஏன்னா, இது உடைஞ்ச ஷாஃப்ட், நாங்க மில்காரங்க, இவ்வளவுதான் கம்பெனிக்குத் தெரிவிச்சதா கோர்ட் எடுத்துக்கிச்சு. இது போய்ச் சேரலைன்னா மில்லே ஓடாதுங்கிறதை அவங்க தெரிஞ்சுக்க வழியில்லை. பல மில்காரங்க ஸ்பேர் ஷாஃப்ட் வச்சிருக்கலாம் இல்லையா?

நம்ம இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 73 இதே வழியிலதான் போகுது. அந்தப் பிரிவோட உதாரணங்கள்ல ஒண்ணு நம்ம கதை மாதிரியே இருக்கும். "இந்த மெஷின் இல்லாம என் மில் நிக்குது"ன்னு சொல்லியே ஒருத்தர் மெஷினை அனுப்புறார், அது லேட்டா வருது. அவருக்கு அந்த நாட்களோட சராசரி லாபம் இழப்பீடா கிடைக்கும். ஆனா அதனால கை நழுவின ஒரு பெரிய அரசாங்க கான்ட்ராக்டோட லாபம் கிடைக்காது.

இதை படகுக்குப் பொருத்திப் பாருங்க. "இந்த எஞ்சின் இல்லைன்னா படகு கரையிலதான் நிக்கும், வேற எஞ்சின் இல்லை"ன்னு கடைக்காரருக்குச் சொல்லியிருந்தா சராசரி வருமானத்தைக் கேட்கலாம். "அந்த வாரம்தான் வஞ்சிரம் நல்லா பட்டுச்சு, எனக்கு 40,000 போச்சு"ன்னு கேட்டா நிக்காது.

இன்னொரு விஷயம். நஷ்டத்தைக் குறைக்க உங்களால முடிஞ்ச வழி என்ன இருந்ததுங்கிறதையும் கணக்குல எடுக்கணும்னு அதே பிரிவு சொல்லுது. சும்மா உட்கார்ந்துட்டு முழு நஷ்டத்தையும் கேட்க முடியாது. அதனால வாடகை எஞ்சின் எடுத்தா காசும் மிச்சம், உங்க வழக்குக்கும் பலம்.

கடையில விடுறதுக்கு முன்னாடி

ஜாப் கார்டு இருந்தா அதுல, இல்லைன்னா வாட்ஸ்அப்ல இப்படி எழுதுங்க:

"எஞ்சின் இன்னைக்கு ஒப்படைச்சோம். ஜூன் 30-க்குள்ள தர்றதா சொன்னீங்க. இதுதான் எங்க ஒரே எஞ்சின். இது இல்லாம படகு கடலுக்குப் போகாது. ஒரு நாளைக்கு சுமார் 1,200 ரூபாய் வருமானம் போகும். அட்வான்ஸ் 12,000 கொடுத்தாச்சு."

"சரி"ன்னு ஒரு பதில் வாங்கிக்கோங்க. ரெண்டு நிமிஷ வேலை. தேதியே பேசலைன்னா பிரிவு 46 படி "நியாயமான காலத்துக்குள்ள" முடிக்கணும். ஆனா எது நியாயமான காலம்னு அப்புறம் வாதாடி நிரூபிக்கணும். தேதி எழுதிட்டா அந்தத் தலைவலி இல்லை.

அட்வான்ஸை மொத்தமா கொடுக்காதீங்க. பார்ட்ஸுக்கு உண்டான காசை பார்ட்ஸ் பில்லைப் பார்த்துட்டு கொடுங்க. கூலியை வேலை முடிஞ்சதும் கொடுங்க. சின்னக் கடைகிட்ட ஜி.எஸ்.டி பில் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். வருஷ டர்ன்ஓவர் 20 லட்சத்தைத் தாண்டாத சர்வீஸ் கடைக்குப் பொதுவா பதிவு கட்டாயமில்லை. ஆனா தேதி, தொகை, கையெழுத்தோட ஒரு ரசீது கண்டிப்பா வேணும்.

எப்போ விடுறோம்ங்கிறதும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போ தேங்காய்த்திட்டு துறைமுகம் பக்கம் படகு வேலை, எஞ்சின் வேலை எல்லாம் குவியும். ஜூன் 15-க்குள்ள எல்லாருக்கும் வேணும். அந்த வேலையே பாக்கி இருந்ததாலதான் லேட்டுன்னு தம்பிகிட்டயும் கடைக்காரர் சொன்னாராம். பொய்னு சொல்ல முடியாது. சர்வீஸ் வேலையை அந்தக் கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே முடிச்சுக்கிறது நல்லது.

தேதி தாண்டிட்டா

1. போன்ல மட்டும் பேசாதீங்க. "ஜூன் 30 தாண்டியாச்சு, எப்போ தருவீங்க?"ன்னு மெசேஜும் போடுங்க. சாட்டை அழிக்காதீங்க.

2. வேலை முடிச்ச மெக்கானிக்குக்கு, அவர் கூலி வர்ற வரைக்கும் பொருளை வச்சிருக்க உரிமை உண்டு (பிரிவு 170). அதனால "கூலி தரமாட்டேன், எஞ்சினைக் கொடு"ன்னு சண்டையை ஆரம்பிக்காதீங்க. அதுலயும் நாள்தான் போகும்.

3. லேட்டா வந்த பொருளை வாங்கும்போது சும்மா கையெழுத்துப் போடாதீங்க. "தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்"னு எழுதுங்க. நேரம் முக்கியம்னு பேசின ஒப்பந்தத்துல லேட்டா வந்ததை ஏத்துக்கிட்டா, அப்பவே இதைச் சொல்லியிருந்தாதான் இழப்பீடு கேட்க முடியும்னு பிரிவு 55 சொல்லுது.

4. பேச்சுல முடியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலவு இல்லை.

5. அதுக்கும் மேலன்னா புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 படி ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

ஒரு எச்சரிக்கை. "இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை"ன்னு எதிர்த்தரப்பு முதல்லயே சொல்லும். சுயதொழில் செஞ்சு பிழைப்பு நடத்த வாங்கிப் பயன்படுத்துற பொருள் வணிக நோக்கத்துல வராதுன்னு சட்டத்துல விளக்கம் இருக்கு. ஆனா அது பொருள் வாங்குறதைப் பத்திப் பேசுது. ரிப்பேர் சேவைக்கும் அது பொருந்தும்னு நீங்கதான் வாதாடணும். அப்பாவே கடலுக்குப் போறார், இதுதான் குடும்பத்தோட பிழைப்புங்கிறதுக்கு ஆதாரம் வச்சிக்கோங்க. கேஸை மூணு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொன்னாலும், அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

சம்பளம் வாங்குற நீங்க செய்ய வேண்டியது

அப்பாவோட படகு, அண்ணனோட ஆட்டோ, அம்மாவோட தையல் மெஷின். நம்மில் பல பேர் வீட்டுல யாரோ ஒருத்தர் பிழைப்புக்கு லோன் போட்டுக் கொடுத்திருப்போம். லோன் எடுக்கும்போது இ.எம்.ஐ கட்ட முடியுமான்னு மட்டும் பார்க்கிறோம். அந்தப் பொருள் ரெண்டு மாசம் நின்னா என்ன ஆகும்னு பார்க்கிறதில்லை. நின்னா வீட்டுச் செலவும் நம்ம தலையிலதான் விழும்.

அதனால உங்க எமர்ஜென்சி ஃபண்டுல இதுக்குத் தனியா ஒரு தொகை வைங்க: ஒரு பெரிய ரிப்பேர் பில், அதோட ஒரு மாச மாற்று வாடகை. தம்பி கணக்குல அது 22,000 + 10,000, அதாவது 32,000. மாசம் 2,000 போட்டா 16 மாசத்துல சேர்ந்துடும். லிக்விட் ஃபண்டோ, ரெக்கரிங் டெபாசிட்டோ, உடனே எடுக்கிற மாதிரி இருந்தா போதும்.

தம்பி விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அவர்கிட்ட எழுத்துல எதுவுமே இல்லை. தேதி வாயால சொன்னது, அட்வான்ஸ் கையில கொடுத்தது. கேஸ் போட்டா பலமா நிக்காதுன்னு சொல்லிட்டேன். இந்த நஷ்டக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி கடைக்காரர்கிட்ட மரியாதையா காட்டச் சொன்னேன். அவர் பார்த்துட்டு கூலியில 3,000 குறைச்சார். 25,000 நஷ்டத்துக்கு 3,000 கிடைச்சிருக்கு. முதல் நாளே அந்த நாலு வரி மெசேஜ் போட்டிருந்தா, மீதி 22,000-ஐப் பத்திப் பேசவாவது அவருக்கு ஒரு பிடி இருந்திருக்கும்.

உங்க பைக்கோ லேப்டாப்போ இப்போ ஏதாவது கடையில இருக்கா? இன்னைக்கே தேதி கேட்டு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. அடுத்த பதிவுல பார்ப்போம்.