தேங்காய் மட்டையிலும் ஒரு தொழில் இருக்கு!

தேங்காய் உரித்த பிறகு மட்டையை என்ன செய்கிறீர்கள்? அடுப்புக்குக் கொஞ்சம், மீதி வியாபாரியின் லாரிக்கு. பல தோப்புகளில் இதுதான் நடக்கிறது. அந்த மட்டை பொள்ளாச்சிப் பக்கத்து மில்லுக்குப் போனதும் இரண்டு சரக்காகப் பிரிகிறது. ஒன்று கயிறுக்கும் மெத்தைக்கும் போகும் நார். இன்னொன்று தூளாக உதிரும் நார்க்கழிவு. எடையில் நாரைவிடக் கழிவுதான் அதிகம்!

இந்தத் தூளைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, பசுமைக்குடில் விவசாயத்துக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். உங்க மாடித்தோட்டத்துக்கு வாங்கும் 'கோகோபீட்'டும் இதேதான். ஒரு பயிரின் கழிவு இன்னொரு பயிருக்கு மண்ணாகிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்பது இதுதான்.

அப்படியே வயலில் கொட்டலாமா?

வேண்டாம். பச்சைத் தூளில் உப்பும் லிக்னினும் டானினும் அதிகம். மட்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும். மட்க வைத்துப் போடுங்க.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. நிழலில் 100 கிலோ கழிவைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ போட்டு 1 கிலோ யூரியா தூவுங்கள். இப்படி மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சுமார் 60 நாளில் கறுப்பு நிற உரம் தயார். அதை உங்க தென்னைக்கே வைக்கலாம்.

தொழிலாகத் தொடங்க உதவி உண்டா?

உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், புதிதாகத் தொடங்கும் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டச் செலவில் மானியத்துடன் வங்கிக் கடன் பெறலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். திட்டச் செலவு 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க.

தண்ணீரை மறந்துடாதீங்க!

தூளைக் கழுவிய தண்ணீரில் உப்பு இறங்கியிருக்கும். அதைத் திறந்தவெளியில் விட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் கெடும். கசியாத தொட்டி கட்டி, தண்ணீரைச் சேகரித்து, சுத்திகரிக்க முதலிலேயே திட்டமிடுங்கள். மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மட்டையில் வரும் லாபத்துக்காக ஊர்த் தண்ணீரை இழக்க முடியாதில்லையா?