பெயர் மட்டும் போதுமா?

கடலூர் ஜில்லாவிலுள்ள பண்ணுருட்டியில் 2020-ஆம் வருஷம் ஜூலை மாதம் வெளிப்பட்ட மோசடியை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர் முத்திரை, அச்சிட்ட சலான், கம்ப்யூட்டர் சகிதமாக ஸ்டேட் பாங்கியின் பெயரில் போலிக் கிளை ஒன்றே அங்கு தோன்றிவிட்டது. வாடிக்கைக்காரர் ஒருவர் உண்மையான கிளைக்குச் சென்று விசாரித்ததால் குட்டு உடைந்தது, மூவர் கைதாயினர்.

இன்றைய மோசக்காரனுக்கு வீடும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் போதும். சிதம்பரத்தில் பட்டம் பெற்று உத்தியோகம் தேடும் வாலிபருக்குப் பெரிய கம்பெனியின் பெயரில் நியமன உத்தரவு வரும்; முன்பணம் கேட்கும். கடலூர்ப் பென்ஷன்காரருக்கு, கணக்கு இன்றே முடக்கப்படுமென்று பாங்கியின் பெயரில் மிரட்டல் வரும். ரிசர்வ் பாங்கியின் பெயரிலேயே பரிசுப் பணம் வருவதாகவும் எழுதுவார்கள். அந்தப் பாங்கியோ தனிமனிதர் எவருக்கும் கணக்கு வைப்பதில்லையென்று பலமுறை எச்சரித்திருக்கிறது.

தபால் உறையின் மேல் எவரும் எவர் பெயரையும் எழுதலாமல்லவா? மின்னஞ்சலில் தோன்றும் பெயரும் அத்தகையதே. ஆகையால் முழு விலாசத்தையும் பார்க்க வேண்டும். அதுவும் போலியாக இருக்கலாம். அவசரப்படுத்துவதும், ரகசிய எண்ணைக் கேட்பதும், முன்பணம் கேட்பதுமே மோசத்தின் அடையாளங்கள். அக்கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடலாகாது, பதிலும் எழுதலாகாது. பதில் எழுதினால், இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறாரென்று நாமே தெரிவித்தவர்களாவோம். பாஸ் புத்தகத்திலுள்ள எண்ணிலோ, நேரிலோ விசாரிப்பதே முறை. பாங்கிகள் தங்கள் இணையத் தளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பாங்க்.இன்’ என்று முடியும் விலாசத்துக்கு மாற்ற வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. இந்த அடையாளத்தையும் அறிந்துகொள்வது நலம்.

கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு, 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் தண்டனை பின்னால் வருவது; பணமோ சில நிமிஷங்களில் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். ஏமாந்தவர் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க இடமுண்டு. வெட்கத்தால் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கே லாபம்.

பண்ணுருட்டியில் மோசடியை வெளியாக்கியது ஒருவரின் கேள்வி. ஊர்தோறுமுள்ள ஊழியர்கள், இத்தகைய கடிதம் பெற்ற அண்டை அயலாரையும் அவ்வாறு கேட்கச் செய்வார்களாக. கேட்பவனைக் கண்டு உண்மையான ஸ்தாபனம் ஒருநாளும் கோபிக்காது.